முப்பத்தேழாம் டோக்கன்

சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் இருபத்தொன்பது என்று சிவப்பாக எரிகிறது. எங்களுடையது முப்பத்தேழு. நடுவில் ஏழு பேர். அந்த ஏழு பேரும் உள்ளே போய் வெளியே வந்துவிட்டால் அப்பாவின் ஒன்றரை ஏக்கர் காடும் கிணறும் அண்ணன் பேருக்குப் போய்விடும், நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் ஊற வைத்த துணியை அலசலாம். எனக்கு இந்தப் பத்திர ஆபீசில் அவ்வளவுதான் வேலை. அப்பா செத்துப் பதினான்கு மாசம் ஆகிறது. உயில் எழுதவில்லை. அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் வாரிசு என்று தாசில்தார் ஆபீஸ் காகிதத்தில் இருக்கிறது. அம்மாவும் நானும் எங்கள் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால் முழுசும் அண்ணனுக்கு. "ஊசி போடற மாதிரிதான் பாப்பா, சுருக்குன்னு முடிஞ்சிரும்" என்று காரில் வரும்போது அண்ணன் சொன்னான். ஊசி போட்டுக்கொண்டவருக்குத்தானே உடம்பு தேறும்? இங்கே ஊசி எனக்கு, தெம்பு அவனுக்கு. இதைச் சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான். நான் எதைச் சொன்னாலும் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். பாப்பா வாயாடி, பாப்பா கலகலப்பு, பாப்பா இருந்தா எழவு வீட்டிலயும் சிரிப்பு வரும். இருபத்தெட்டு வயசாகிறது, மடியில் பத்து மாசத்துப் பிள்ளை வாயில் என் தாலிக்கயிற்றை வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறது, இன்னும் நான் பாப்பா. இளவரசி என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. காலையில் பத்திர எழுத்தர்தான் அதைச் சொல்லிக் கூப்பிட்டார், ஆதார் கார்டைப் பார்த்து. "இளவரசி! என்னம்மா, நாட்டை எழுதிக் குடுக்க வந்தீங்களா?" அண்ணன் சிரித்தான். அம்மா சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் இப்போது எரிகிறது. நான் ஏன் சிரித்தேன்?

புடவை கழுத்தில் குத்துகிறது. மயில்கழுத்துக் கலர், ஜரிகை அதிகம், முந்தாநாள் அண்ணன் எடுத்துக் கொடுத்தது. எங்கள் பக்கம் இது வழக்கம். பங்கை விட்டுக் கையெழுத்துப் போட வரும் தங்கச்சிக்கு அண்ணன் புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவள் அதைக் கட்டிக்கொண்டு வர வேண்டும், பார்ப்பவர்கள் "பரவாயில்ல, மரியாதை பண்ணிட்டான்" என்று சொல்ல வேண்டும். அய்யனார் கோயிலில் ஆட்டுக்கு மாலை போடுவதும் மரியாதைதான். மாலையைப் போட்டு, மஞ்சத்தண்ணியைத் தலையில் ஊற்றி, அது உடம்பைச் சிலுப்புகிறதா என்று ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சிலுப்பிவிட்டால் ஆடு சம்மதம் கொடுத்துவிட்டது, வெட்டலாம். தண்ணி சில்லென்று பட்டதால்தான் ஆடு சிலுப்புகிறது என்பது பூசாரிக்குத் தெரியும், வெட்டுகிறவருக்குத் தெரியும், எட்டு வயசில் எனக்கே தெரியும். ஆட்டைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இல்லை, ஆட்டுக்கும் தெரிந்திருக்கும். பத்திரத்தில் எனக்காக எழுதியிருக்கிறதைப் படித்தேன், பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள்தானே நான். "யாருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி, முழு மனச் சம்மதத்துடன், என் சகோதரர் மேல் எனக்குள்ள அன்பினால்." என் மனசு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காமலே டைப் அடித்து வைத்துவிட்டார்கள். எழுத்தர் கடையில் இது ரெடியாகவே இருக்குமாம், பெயரையும் சர்வே நம்பரையும் மட்டும் மாற்றுவாராம். அப்படியென்றால் இந்த ஜில்லாவில் உள்ள தங்கச்சிகள் எல்லோருக்கும் ஒரே அன்பு, ஒரே அளவு, ஒரே எழுத்தில். அண்ணன் மேல் எனக்கு அன்பு இல்லையா? இருக்கிறது. அதுதான் பிரச்சினை. இல்லாமல் இருந்தால் எவ்வளவு சுலபம்.

முப்பத்தொன்று. பக்கத்துப் பெஞ்சில் ஒரு அக்கா, அம்பது வயசிருக்கும், வாயில் வெற்றிலை, கண்ணில் ஒரு குறும்பு. பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "நீயும் கையெழுத்தா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். "எனக்கு இது மூணாவது. எங்கண்ணனுக்கு ஒண்ணு போட்டேன், மாமனார் சொத்துல ஒண்ணு போட்டேன், இன்னிக்கு எம்மவனுக்கு." விரலை மடக்கி எண்ணிக் காட்டியது, பிள்ளைப்பேறு கணக்குச் சொல்வது போல. "மொதல்ல எனக்குக் கைநாட்டுதான். அறிவொளி வகுப்பு வந்தப்ப நானே கத்துக்கிட்டேன். ஒரு மாசம் சிலேட்டுல எழுதி எழுதிப் பழகினேன். எங்க வீட்டுக்காரரு கூட சிரிச்சாரு, கலெக்டரு ஆகப் போறியான்னு. இப்ப பாரு, எங்கயும் நான் மை தொட்டு வைக்கிறதில்ல, கையெழுத்துதான்." நல்ல வேளை, பிள்ளை அழுதது, நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கையால் அந்த அக்கா இதுவரைக்கும் எழுதியதெல்லாம் எனக்கு வேண்டாம் வேண்டாம் என்பதுதான். அதைச் சொல்லிப் பெருமையாகச் சிரிக்கிறது. நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பயந்து போனேன். அது அவ்வளவு நல்ல சிரிப்பு. என் சிரிப்பு மாதிரியே இருந்தது.

போன வருசம் நூறு நாள் வேலையில் எங்களை எல்லாம் மரத்தடியில் உட்கார வைத்து ஒரு மேடம் பேசியது. ஆணும் பெண்ணும் சமம், அப்பா சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சரிபாதி, சட்டம் இருக்கிறது, நீங்கள் கேட்க வேண்டும், உங்களுக்குத் தைரியம் வர வேண்டும். நாங்கள் கைதட்டினோம். அம்பது பேர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினோம். தட்டியதில் நாற்பது கை ஏற்கெனவே அண்ணன் தம்பிக்குக் கையெழுத்துப் போட்ட கை. மேடம் போனதும் செல்லத்தாயி அத்தை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "சட்டம் இருக்கு. சட்டம் வந்து ஆடிக்கு அழைக்குமா, வளைகாப்புக்கு வளையல் எடுத்தாருமா?" என்றது. அதற்கும் எல்லோரும் கைதட்டினோம், இன்னும் பலமாக. தைரியம் வர வேண்டும் என்று அந்த மேடம் சொன்னதில்தான் எனக்குக் கோபம். தைரியம் என்ன பஸ்ஸா, நின்றுகொண்டிருந்தால் வருவதற்கு? எனக்குப் பாம்பு அடிக்கத் தெரியும். குடித்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரனைத் துடைப்பத்தால் விரட்டியிருக்கிறேன். பிரசவத்தில் பதினாறு மணி நேரம் வலித்தது, நர்சம்மாகூடக் கெட்டிக்காரி என்று சொன்னது. தைரியத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அண்ணன் முகம் வாடினால் எனக்குச் சோறு இறங்காது, அதற்கு என்ன சட்டம்?

இந்தப் பக்கம் அண்ணன் என்றால் அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். குமரேசன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் நான் தலை சீவும்போது வாசப்படியில் நின்றுகொண்டு, "போடாத. சொல்லிட்டேன். அரை ஏக்கர் வந்துச்சுன்னா வித்துட்டுப் பெரிய வண்டியா எடுத்துடலாம். நான் வரல, வந்தா நான் தூண்டிவிட்டேன்னு சொல்லுவாங்க. நீயே சொல்றாப்புல சொல்லு" என்றார். நீயே சொல்றாப்புல. போடு என்றால் அது அண்ணன் சொன்னது, போடாதே என்றால் அது வீட்டுக்காரர் சொன்னது. காடு அப்பாவுடையது, நாளைக்கு அண்ணனுடையது, இல்லாவிட்டால் பெரிய வண்டி. நடுவில் நான் எங்கே இருக்கிறேன்? வாய்க்கால் மாதிரி. தண்ணி இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குப் போக நடுவில் ஒரு வாய்க்கால் வேண்டும், அது கொஞ்சம் நனைந்துகொள்ளலாம். அண்ணனுக்குப் போட்டுவிட்டால் வீட்டுக்காரர் ஒரு வாரம் பேச மாட்டார், அது பழகிப் போனது, ரசம் நன்றாக வைத்தால் மூன்றாம் நாளே பேசிவிடுவார். போடாவிட்டால் அண்ணன் ஆயுசுக்கும் பேச மாட்டான். எது குறைச்சலான வலி என்று பார்த்துப் பார்த்து முடிவெடுப்பதே என் பிழைப்பாகப் போய்விட்டது. எனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தர் கேட்டதில்லை. கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

முப்பத்துமூன்று. காடு கண்ணில் வருகிறது, வேண்டாம் என்றாலும் வருகிறது. தெற்குப் பக்கம் கொஞ்சம் மேடு, தண்ணி ஏறாது, அங்கே பருத்தி. பள்ளத்தில் சின்ன வெங்காயம். அண்ணன் காலேஜ் பஸ் ஏறுகிற நேரத்தில் நான் பருத்தி எடுக்கப் போவேன், மடியைக் கட்டிக்கொண்டு. அவனுக்கு அந்தக் காட்டில் எந்த மூலையில் கோரை முளைக்கும் என்று தெரியாது. எனக்குத் தெரியும். கிணற்றில் எந்தப் படி உடைந்திருக்கிறது என்று தெரியாது, எனக்குத் தெரியும், அதில் வழுக்கித்தான் என் முன்பல் நுனி போனது. கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மடை மாற்றுவேன், வெங்காயப் பாத்தியில் தண்ணி நிறைந்து அடுத்த பாத்திக்குப் போகும்போது ஒரு சத்தம் வரும், பூனை பால் குடிக்கிற மாதிரி, அதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அப்பா வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே, "பாப்பா கைராசிக்காரி, அவ நட்டா அழுகல் வராது" என்பார். சொல்வார். எழுதி வைக்க மாட்டார். கடைசி நாலு மாசம் அவருக்கு மலம் மூத்திரம் எடுத்தது நான், மாசமாக இருக்கும் வயிற்றோடு. அண்ணன் வீடியோ காலில் வந்து, "அப்பா எப்படி இருக்கீங்க" என்று கேட்பான், அப்பா முகம் மலர்ந்துவிடும், என்னைப் பார்த்து, "போனை நேராப் புடி" என்பார். நேராகப் பிடித்தேன். உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே என்கிறது அம்மா. எனக்கு நகை போட்டார்கள், அது லோடு ஆட்டோ ஆகிவிட்டது. அவனுக்குப் படிப்பு போட்டார்கள், அது அவனாகவே ஆகிவிட்டது. அதை யாரும் பங்கில் கழிக்கவில்லையே?

"என்னடி மொகம் ஒரு மாதிரி இருக்கு?" அம்மா என்னை இடிக்கிறது. என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "அடுத்த மாசம் பிள்ளைக்குக் காது குத்தணும். மாமன் மடி வேணும். மனசுல எதையும் வச்சுக்காத." அண்ணனும் இதைத்தான் காரில் சொன்னான், விளையாட்டாக, பிள்ளையின் காதைத் தொட்டு, "மாமா மடியில உக்காந்துதான இந்தக் காதுல குத்தணும், ஏஞ்சாமி?" விளையாட்டாகத்தான். மிரட்டல் என்று நான் சொன்னால் நான் கெட்டவள் ஆகிவிடுவேன், அவ்வளவு பக்குவமாகச் சொன்னான். கோயிலில் எல்லோரும் நிற்க, ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டு, "மாமன் எங்கம்மா?" என்று கேட்க, நான் யார் முகத்தைப் பார்ப்பேன்? அந்த இடத்துக்கு வந்து என் நினைப்பு ஒவ்வொரு தடவையும் நிற்கிறது, முள்ளில் முந்தானை மாட்டிக்கொண்ட மாதிரி. "ஏம்மா," என்றேன், "உனக்கும் பங்கு இருக்கே, நீ ஏன் உடற?" அம்மா என்னைப் பார்த்தது, நான் ஏதோ அசிங்கம் பேசிவிட்ட மாதிரி. "எனக்கு எதுக்குடி? எனக்குக் கொள்ளி வைக்கறவன் அவன்." செத்த பிறகு நெருப்பு வைப்பதற்காக உயிரோடு இருக்கும்போதே காட்டைக் கொடுத்துவிட வேண்டும். கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, எங்கள் ஊரில் எல்லாமே கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

முப்பத்தேழு. அண்ணன் எழுந்து கையைத் தட்டி, "வாங்க வாங்க" என்றான், சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிடுவது போல. உள்ளே சார்பதிவாளர் ஒரு அம்மா, என்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும், கண்ணாடி, பின்னலில் மல்லிகை. மேஜை மேல் ஏசிக் காற்று. எனக்கு ஒரு நிமிசம் சந்தோசமாக இருந்தது, பொம்பளை அந்த நாற்காலியில். பிறகு, இந்த அம்மாவும் தன் அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்குமா, ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வேறொரு ஆபீசில் பெஞ்சில் உட்கார்ந்து, என்று ஒரு நினைப்பு. முதலில் எங்கள் அம்மா. போட்டோ எடுத்தார்கள். விரலை வைக்கச் சொன்னான் மிஷின் பையன். வைத்தது. சிவப்பு விளக்கு. அழுத்தி வைக்கச் சொன்னான். சிவப்பு. துணியால் துடைத்துவிட்டான், எண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னான், இந்தக் கை, அந்தக் கை, ஆள்காட்டி, பெருவிரல். சிவப்பு, சிவப்பு. "என்ன ஆயா இது, ரேகையே இல்ல? வழவழன்னு இருக்கு." அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தது. "களை பறிச்ச கை சாமி. தேஞ்சு போச்சு." அம்மா சிரித்தது. மிஷின் பையன் சிரித்தான். அண்ணன் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "நல்லா அமுக்கும்மா, டைம் ஆவுது" என்றான். நாற்பது வருசமாக அந்த ஒன்றரை ஏக்கரில் தேய்த்துத் தேய்த்து விட்டுவிட்டு வந்த ரேகையை, அந்த ஒன்றரை ஏக்கர் வேண்டாம் என்று சொல்வதற்காக மிஷின் தேடிக்கொண்டிருக்கிறது. நல்லா அமுக்கும்மா.  கடைசியில் இடது கைச் சுண்டுவிரல் எடுத்துக்கொண்டது. பச்சை. அம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி, பரீட்சையில் பாஸானது போல என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இளவரசி." மேடம் தலையைத் தூக்கவில்லை. "சொத்துல உங்க உரிமையை அண்ணனுக்கு விட்டுக் குடுக்கறீங்க. விவரம் தெரியுமா? சம்மதம்தானே?" பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினேன். காது குத்துக்கு யார், ஆடிக்கு யார், நாளைக்கு வீட்டுக்காரர் என்னை அடித்தால் எந்த வீட்டுக்குப் போவேன், அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன், எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றது. பின்னாலிருந்து அண்ணன், "சம்மதம்தான் மேடம்" என்றான். பழக்கதோசம். நான் கேட்பதற்கு முன்னால் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுக்கிறவன்தான் அவன். மேடம், "அவங்களைக் கேட்டேன்" என்றது, பேனாவைத் தட்டிக்கொண்டு. "இல்லைங்க" என்றேன். சத்தம் எனக்கே பெரிசாகக் கேட்டது, பிள்ளை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது. மேடம் தலையைத் தூக்கியது. "என்ன இல்ல?" "சம்மதம் இல்லைங்க. எம்பங்கு எனக்கு வேணும்." "அப்ப எதுக்கும்மா இவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க? வெளியிலயே சொல்லலாம்ல?" "எனக்கே இப்பத்தாங்க தெரியும்" என்றேன். மேடம் என்னை ஒரு கணம் பார்த்தது. என்ன நினைத்தது என்று தெரியாது. பத்திரத்தைத் தள்ளி அண்ணன் பக்கம் வைத்துவிட்டு, "வீட்ல பேசிட்டு வாங்க. முப்பத்தெட்டு" என்றது.

வெளியே புளியமரத்தடியில் அண்ணன் என் முன்னால் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை, அடித்திருந்தால் நல்லது, எனக்கும் திருப்பிக் கத்த வசதியாக இருந்திருக்கும். "மச்சான் சொல்லிக் குடுத்தாரா?" "இல்ல." "பின்ன யாரு? அந்த நூறு நாள் வேலைக்காரிங்களா?" "யாரும் இல்லண்ணே. நான்தான்." அவன் எனக்குப் பின்னால் பார்த்தான், நிஜமாகவே, அங்கே யாரோ நிற்கிற மாதிரி. "நீயா?" என்றான். "நீ இப்படிப் பேசற ஆளே இல்லியே பாப்பா." அவன் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது, அது எனக்கு வலித்தது, வலித்தாலும் வாயைத் திறந்து மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா கார்க் கதவைத் திறக்கத் தெரியாமல் அந்தப் பிடியை இழுத்துக்கொண்டே நின்றது, நான் போய்த் திறந்துவிட்டேன், என்னைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தது. கார் போய்விட்டது. புழுதி. மரத்து வேரில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன், போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று முந்தானையைக்கூடச் சரியாக இழுத்துவிடவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, பசியும் வந்தது, யாரையாவது நாலு வார்த்தை திட்டவும் வேண்டும் போலிருந்தது.

போன் அடித்தது. என் வீட்டுக்காரர். "என்னாச்சு? போட்டுட்டியா?" போடவில்லை என்றேன். "அப்படிப் போடு!" அந்தப் பக்கம் தொடையைத் தட்டுவது கேட்டது. "நான் சொன்னேன்ல? நம்ம பேச்சைக் கேட்டா எதுவும் கெடாது. இரு, புரோக்கர் சாமிக்கண்ணு இங்கதான் நிக்கறாரு, ஒரு வார்த்தை போட்டு வச்சிடறேன், எந்தப் பக்கத்து அரை ஏக்கர்னு..." "விக்கப்போறதில்லீங்க." "என்னது?" "விக்கப்போறதில்ல. பள்ளத்துப் பக்கம் கேப்பேன், வெங்காயம் போடப்போறேன். உங்க பேச்சைக் கேட்டும் நான் கையெழுத்துப் போடாம வரல. அந்தாளை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."  லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. "ஏங்க, கேக்குதா?"

"கேக்குது" என்றார், ரொம்ப நேரம் கழித்து.